ஒரு கிட்டார், ஒரு குரல்: எந்தப் பாட்டை எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இப்போதெல்லாம் வரவேற்பு, மணிவிழா என்று எங்கே போனாலும் ஒரு பையனோ பெண்ணோ கிட்டாரை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து பாடுகிறார்கள், நாலாவது பாட்டுக்குள் கூட்டம் பந்திக்கு எழுந்து போய்விடுகிறது, இதற்கு ஒரு மெல்லிசைக் குழுவையே கூப்பிட்டிருக்கலாமே என்று. கூட்டம் எழுந்து போவது உண்மைதான், நானும் பார்க்கிறேன். ஆனால் ஒரு ஆள், ஒரு வாத்தியம் என்றால் சபை நிற்காது என்று அவர் சொன்ன காரணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சபை நன்றாகவே நிற்கும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

நான் இந்தப் பக்கத்தில் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று விசேஷ வீடுகளிலும் பங்களா ஓட்டல்களிலும் தனியாகப் பாடிக்கொண்டும் இருப்பவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சுருதியைப் பற்றியும் வளவை, அதாவது எங்கள் பக்கத்து முற்றம் வைத்த பெரிய வீட்டைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

நம் மேடைகளில் பாடப்படுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அது ஒரே ஒரு ஆள் வாசித்துப் பாடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை என்று அதன் கட்டுமானத்துக்குள்ளேயே வயலின் கூட்டமும் தபேலாவும் புல்லாங்குழலும் கோரஸும் இருக்கின்றன, நம் காதில் பதிந்திருக்கும் பாட்டில் பாதி அவைதான். அவ்வளவையும் எடுத்துவிட்டு ஆறு கம்பியும் ஒரு தொண்டையும் மட்டும் மிஞ்சும்போது சில பாட்டுகள் முன்பைவிட அழகாகிவிடுகின்றன, சில பாட்டுகள் அப்படியே படுத்துவிடுகின்றன. எது எந்த வகை என்பதை மேடையில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. வீட்டிலேயே, கிட்டாரைத் தொடாமல், தொடையில் தாளம்கூடப் போடாமல், வெறும் வாயால் பல்லவியையும் ஒரு சரணத்தையும் பாடிப் பாருங்கள். அடுப்படியில் இருப்பவர் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டால் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பல்லவி முடிந்ததும் உங்கள் வாய் தன்னால் வயலின் சத்தத்தையும் டிரம் சத்தத்தையும் போட்டு நிரப்ப ஆரம்பித்தால் அந்தப் பாட்டின் உயிர் வாத்தியத்தில் இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதுதான் நல்லது.

இடையிசையை என்ன செய்வது என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். அதை முழுசாக கிட்டாரில் கொண்டுவர முயன்றால் கேட்கிறவர்களுக்குப் பாட்டு நின்றுபோன மாதிரி இருக்கும். நாலு தாள வட்டத்துக்குள் அடுத்த சரணத்தின் சுருதியைக் காட்டிவிட்டுக் குரலுக்கு வந்துவிட வேண்டும். பாட்டுக்கே அடையாளமாக இருக்கிற ஒரு சின்ன இசைத் துணுக்கு உண்டென்றால் அதை மட்டும் ஒரு தடவை வாசிக்கலாம், அது போதும்.

கிட்டாரை நடுவில் வைத்தே உருவான பாட்டுகள் தமிழில் உண்டு. 1980-ல் வந்த மூடுபனியில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-ல் பயணங்கள் முடிவதில்லையில் எஸ்.பி.பி. பாடிய ‘இளைய நிலா’, அப்புறம் 2008-ல் வாரணம் ஆயிரத்தில் ஹரிஹரன் பாடிய ‘நெஞ்சுக்குள் பெய்திடும்’. கிட்டார் கற்றுக்கொள்கிற எல்லோரும் முதலில் ஓடுவது இவற்றிடம்தான், அது இயற்கை. ஆனால் இவற்றில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘இளைய நிலா’வின் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், ஒரு இடத்தில் விரல் தவறினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், அதோடு அந்த விரல் வேலையைச் செய்துகொண்டே அந்த ராகத்தை அந்த நிதானத்தோடு பாடுவது லேசான காரியமில்லை. கை முழுதாகப் பழகுகிறவரை அதை மேடைக்கு எடுக்க வேண்டாம் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்வேன். ‘என் இனிய பொன் நிலாவே’ அப்படியில்லை, மெதுவாக மீட்டிக்கொண்டு குரலை அடக்கிப் பாடினாலே பாட்டு வந்து நின்றுவிடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டில் இதைத்தான் சொல்வேன்.

இனி சுருதி. இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் மேடையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இணையத்தில் ஒரு பாட்டுக்கு கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற சுரக்கூட்டு, தேடினால் கிடைப்பது அநேகமாக ஒலிப்பதிவில் இருக்கிற சுருதிதான், அது எஸ்.பி.பி.க்கோ டி.எம்.எஸ்.ஸுக்கோ பொருந்தின சுருதி, நமக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. பல்லவி சுகமாக வருகிறது என்று நம்பி ஆரம்பித்துவிடுவார்கள். நம் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலும் சரணத்தில்தான் மேல் ஸ்தாயிக்கு ஏறும், அங்கே போனதும் கழுத்து நரம்பு புடைக்கும், கேட்கிறவர்களுக்கும் தொண்டை வலிக்கும். ஒரு பாட்டை எடுத்தவுடன் முதலில் அதன் மிக உயர்ந்த சுரம் எங்கே இருக்கிறது, மிகத் தாழ்ந்த சுரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அந்த இரண்டு இடத்தையும் சாப்பாட்டுக்குப் பிறகும், களைப்பாக இருக்கும்போதும் பாட முடிகிற கட்டையில் பாட்டை வையுங்கள். ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி, ஆறு கட்டை ஏ என்று கிட்டாரோடு ஒட்டிப் புரிந்துகொண்டால் வேலை சுலபம். இரண்டு கட்டையில் இருக்கிற பாட்டு உங்களுக்கு உயரமாக இருந்தால் கேப்போவை, அதாவது கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கிற கிளிப்பை, மேலே தள்ளிப் பயனில்லை, அது சுருதியை ஏற்றத்தான் செய்யும். கார்டு வடிவத்தையே மாற்ற வேண்டும். ஏ வடிவத்தில் பிடித்து இரண்டாம் ஃப்ரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டத்தில், கேப்போ போட்டால் ஏழு கட்டை வந்துவிடும், அதில் கீழ் ஸ்தாயியிலிருந்து எடுத்துப் பாடலாம். பெண் பிள்ளைகள் ஆண் பாட்டைப் பாடும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது, அதே சுருதியில் எடுத்துப் பல்லவி முழுவதும் முணுமுணுப்பாகவே போய்விடுகிறது. தயங்காமல் ஐந்து, ஐந்தரைக்கு ஏற்றிவிடுங்கள். ஒலிப்பதிவைப் போல இல்லையே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

குரலுக்குத் தக்க பாட்டு என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடியவை. 1962-ல் வந்த சுமைதாங்கியின் ‘மயக்கமா கலக்கமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். உரக்கக் கத்த வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே பாடலாம். கிட்டாரும் அப்படித்தான் பேசுகிற அளவுக்குச் சத்தம் உள்ள வாத்தியம். கேட்கிறவருக்கு யாரோ தன் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாட்டுக்குச் சபை எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

மூச்சையும் பார்க்க வேண்டும். கேளடி கண்மணியில் எஸ்.பி.பி. பாடிய ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ போல மூச்சு விட இடமில்லாத பாட்டை, கையால் வாசித்துக்கொண்டே பாடுவது தேவையில்லாத சோதனை. டூயட் பாட்டுகளிலும் ஒரு தரம் பிரித்தாக வேண்டும். அவன் கேட்க அவள் பதில் சொல்வதாக ஓடும் பாட்டை ஒருவரே பாடினால் கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வந்து அர்த்தம் கெட்டுவிடும். இருவரும் ஒரே உணர்ச்சியை ஆளுக்கொரு சரணமாகச் சொல்கிற பாட்டு என்றால் தாராளமாகப் பாடலாம், இரண்டு சரணத்தில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் குறையில்லை.

இப்போது வளவுக்கு வருகிறேன். எங்கள் ஊர் வீடுகளை வெளியூர்க்காரர்கள் படத்தில் பார்த்து வியக்கிறார்கள், அதில் உட்கார்ந்து பாடுகிறவனுக்கு அந்த வீடே இன்னொரு வாத்தியம். கீழே ஆத்தங்குடிக் கல்லோ இத்தாலி மார்பிளோ, சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூணோ கருங்கல் தூணோ, மேலே உயரமான கூரை. சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் ஒன்றுமே இல்லை. முகப்பிலோ, வாசல் பக்கத்துக் கூடமான பட்டாலையிலோ உட்கார்ந்து, எல்லாக் கம்பியையும் சேர்த்து அடித்து வேகமாக ஸ்ட்ரம் பண்ணினால் முதல் அடியின் சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது வந்து மேலே விழும், நாலாவது அடிக்குள் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும், வார்த்தை மூழ்கிப்போகும். இதையே, விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டி, வரிக்கும் வரிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிற ஒரு பாட்டை எடுத்தால், அந்த இடைவெளியை வீடு நிரப்பிக்கொடுக்கும். நீட்டிப் பிடிக்கிற கார்வைகள் தூணுக்குத் தூண் போய்த் திரும்பி வருவது அவ்வளவு அழகாக இருக்கும், அங்கே எதிரொலிப் பெட்டி எதுவும் வேண்டியதில்லை. முற்றம் திறந்து இருக்கிற இரண்டாங்கட்டில் கொஞ்சம் சத்தம் வானத்துக்குப் போய்விடுவதால் அங்கே ஓரளவு வேகமான பாட்டும் தாங்கும். ஒன்று கவனிக்க வேண்டும், ஆள் இல்லாதபோது ஒத்திகை பார்த்துவிட்டு அதையே நம்பக் கூடாது. ஜமக்காளம் விரித்து, பட்டுச் சேலையும் வேட்டியுமாகக் கூட்டம் வந்து நிறைந்தபின் அதே இடத்தில் எதிரொலி பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

கல்யாண மண்டபம் என்றால் கணக்கே வேறு. தகரக் கூரை, மின்விசிறி இரைச்சல், பக்கத்துக் கூடத்தில் பந்தி, அங்கே சிற்றுண்டித் தட்டு விழுகிற சத்தம். இந்த இடத்தில் மெல்லிய விரல் மீட்டல் பாட்டுகளைக் கொண்டுபோய் வீணாக்க வேண்டாம், எல்லோரும் சேர்ந்து கைதட்டக்கூடிய நாலு பாட்டை நடுத்தர வேகத்தில் தெளிவாகப் பாடிவிட்டு வரலாம். பங்களா ஓட்டல்களில் சாயங்காலம் வெளிநாட்டு விருந்தினர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலப் பாட்டாகவே அடுக்குகிற பழக்கம் ஒன்று உண்டாகியிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டுகளை அவர்கள் தங்கள் ஊரிலேயே நன்றாகக் கேட்டிருப்பார்கள். கானாடுகாத்தான் வரை வந்தவருக்கு ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடி, அது எதைப் பற்றியது என்று இரண்டு வரி சொன்னால் போதும், அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வார்த்தை. வாத்தியக் கூட்டம் இல்லாத இடத்தில் வார்த்தை முன்னால் வந்து நின்றுவிடும், அதை மறைக்க ஒன்றும் கிடையாது. இந்த மண்ணில் அது சாதாரண விஷயமில்லை. கண்ணதாசன் 1927-ல் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கேதான் இருக்கிறது. அன்னக்கிளியில் இளையராஜாவை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலமும் அதே ஊர்க்காரர். இன்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் பாரதி படங்களில் ஒன்று, அவர் 1919-ல் காரைக்குடிக்கு வந்தபோது எடுத்தது. 1947-ல் வந்த நாம் இருவர் படத்தை ஏவி.எம். காரைக்குடியில் எடுத்து, அதில் பாரதி பாட்டை டி.கே. பட்டம்மாளைப் பாட வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். மேடையில் தமிழில் பாட வேண்டும் என்று கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் முன்னே நின்று, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உண்டானது. இப்படிப்பட்ட ஊரில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும் பாட்டின் ஒவ்வொரு அடியும் தெரியும். ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகப் போனாலோ, சரணத்தில் ஒரு வரி மாறினாலோ உடனே முகம் மாறிவிடும். பள்ளத்தூரில் ஒரு மணிவிழாவில் ஓர் ஆச்சி, “தம்பி, கிட்டாரைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க, கவிஞர் என்ன சொல்றாருன்னு கேக்கணும்ல” என்று சொன்னார். தனியாகப் பாடுகிற எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வார்த்தை முன்னால் வருகிறது என்றால் அது அந்த விசேஷத்துக்குப் பொருந்த வேண்டும். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று மணிவிழாவில் ‘வீடு வரை உறவு’ எடுத்தவர்கள் உண்டு, சாந்தி முடித்துத் தம்பதிகளாக உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிகப் பெரிய பாட்டுதான், ஆனால் அதற்கு வேறு நாள் இருக்கிறது. அதே கவிஞரின் ‘காலங்களில் அவள் வசந்தம்’ மணிவிழாவுக்கென்றே எழுதினதுபோல் இருக்கும், அறுபது வயதுக்காரர் தன் ஆச்சியை, அதாவது மனைவியை, பார்த்துச் சிரித்துக்கொண்டே கூடப் பாடுவார். குழந்தைக்குப் பேர் இடுகிற வீட்டில் மூன்றாம் பிறையின் ‘கண்ணே கலைமானே’ வேண்டும் என்று கேட்கிறார்கள், அது தாலாட்டுப்போல் இருந்தாலும் உள்ளே இருக்கிற துயரம் வேறு, கேட்ட வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் பாடுவது நல்லது. அந்த மாதிரி வீடுகளில் நான் வேறொன்று செய்கிறேன். அந்த வீட்டுப் பெரிய ஆச்சியிடமே தாலாட்டைக் கேட்டு, இரண்டே இரண்டு கார்டு போட்டு அதையே பாடிவிடுகிறேன். மாமன் கொண்டுவரும் சீரும், ஊரும் கோயிலும் எல்லாம் வருகிற அந்தத் தாலாட்டுக்கு வாத்தியம் அதிகம் வேண்டியதே இல்லை. பாரதி பாட்டுகளும் அப்படித்தான், அவை நாட்டுடைமை ஆகிவிட்டவை, பழக்கமான மெட்டிலும் பாடலாம், நீங்களே ஒரு மெட்டுப் போட்டும் பாடலாம். பத்துப் பாட்டுக்கு ஒன்றாவது இப்படிப் படத்துக்கு வெளியிலிருந்து வரட்டும்.

ராகம் அழுத்தமாக இருக்கிற பாட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் கவிக்குயில் படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை ராகம். இதற்கு வரிக்கு நாலு கார்டு என்று போட்டு நெரித்தால் சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் எல்லாம் தட்டையாகிவிடும். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிட்டு, கீழ்க் கம்பிகள் மூன்றையும் டி, ஏ, டி என்று மீட்டிக்கொண்டே இரண்டு கட்டையில் பாடிப் பாருங்கள், குரல் தன் இஷ்டத்துக்கு வளைய இடம் கிடைக்கும். வீணையில் பக்கவாட்டில் இருக்கிற பக்கசாரணித் தந்திகள் மூன்றும் சட்ஜமம், பஞ்சமம், மேல் சட்ஜமம் என்று நிற்பதும் இதேதான். சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் என்று காரைக்குடி வீணைச் சகோதரர்கள் வாசித்த மண்ணில் இருந்துகொண்டு, தந்தி வாத்தியத்தோடு ராகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வெளியே தேடவேண்டியதில்லை. வீணைக் கச்சேரி நடந்தால் கிட்டார் படிக்கிற பிள்ளைகள் தவறாமல் போய் உட்கார வேண்டும்.

வரிசைப்படுத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடையிசையைக் குறைத்துவிட்டால் ஒரு பாட்டு மூன்றரை நிமிடம் வரும், சுருதி சேர்க்கவும் இரண்டு வார்த்தை பேசவும் நேரம் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 12 பாட்டு போதும். தொண்டை இன்னும் சூடாகாத முதல் பாட்டில் உச்சத்தைத் தொட வேண்டாம், நடு ஸ்தாயியில் நன்றாகப் பழகின ஒன்றை வையுங்கள். சோகப் பாட்டுகள் மூன்று அடுத்தடுத்து வந்தால் அந்த நாலாவது பாட்டில்தான் அந்த வாசகர் சொன்னதுபோல் பந்திக்குக் கிளம்புவார்கள். ஒரே கட்டையில், ஒரே மாதிரி மீட்டலில் தொடர்ந்து பாடினாலும் காது சலித்துவிடும், எது எந்தப் பாட்டு என்றே கேட்பவருக்குப் பிரியாது. ஆகவே ஒரு ஸ்ட்ரம், ஒரு விரல் மீட்டல், ஒரு வெறும் சுருதி என்று மாற்றிக்கொண்டே போங்கள். குரலுக்குக் கடினமான பாட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள், எட்டாவது ஒன்பதாவது இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் இறங்கி வாருங்கள். யாராவது கேட்டால் பாட இரண்டு பாட்டு கைவசம் இருக்கட்டும்.

விசேஷ வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் 40 பாட்டுப் பட்டியல் அனுப்பி இவை எல்லாம் வேண்டும் என்கிறீர்கள். அதில் பாதி பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு உரியவை, கால்வாசி குத்துப் பாட்டு, சில பாட்டுகள் கேட்டவருக்கே வார்த்தை தெரியாது. கேட்டபடி செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கரோக்கி டிராக்கைப் பின்னால் ஓட விட்டு கிட்டாரைச் சும்மா மடியில் வைத்திருக்கிறார்கள். குத்துப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்றால் பேண்டு செட்டையோ மெல்லிசைக் குழுவையோ தாராளமாகக் கூப்பிடுங்கள், அவர்கள் அதை நன்றாகச் செய்வார்கள். தனியாகப் பாடுகிறவரைக் கூப்பிட்டால் பட்டியலுக்குப் பதிலாக என்ன விசேஷம், வீட்டில் எந்த இடத்தில் உட்காரப் போகிறார், கேட்கப் போகிறவர்கள் எந்த வயதுக்காரர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு உயிரான பாட்டு இரண்டு மூன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள், மீதியை அவரிடம் விட்டுவிடுங்கள். பந்தி நேரத்தில் பாட வைக்காமல், அதற்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

கல்லூரிகளில் இதற்கென்றே போட்டி வைக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நான் போயிருந்த ஒரு போட்டியில் ஒரு பெண் தன் குரலுக்கு அளவாகப் பழைய பாட்டு ஒன்றை அவ்வளவு சுத்தமாகப் பாடியும், புதுப் பாட்டு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பாட்டு வந்த வருஷத்துக்கா மதிப்பெண்? சுருதி, உச்சரிப்பு, தனக்கும் தன் வாத்தியத்துக்கும் தக்கதைத் தேர்ந்தெடுத்த அறிவு, இவற்றுக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஆசிரியர் அவர்களிடமும் வாசகர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். பழைய பாட்டுகளின் வரிகளை இணையத்தில் எடுத்தால் பிழை மலிந்து கிடக்கிறது. ஒரே சரணம் மூன்று தளத்தில் மூன்று விதமாக இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். முன்பு தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் பெட்டகத்திலும் மேல்மாடி அறைகளிலும் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைப் பழைய சாமானோடு சேர்த்துப் போட்டுவிடாமல், ஒரு பிரதி எடுத்துக்கொள்ள எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பாட்டின் சரியான வரிகளை, எழுதியவர் பெயரோடும் படம் வந்த ஆண்டோடும் வெளியிட்டால் தனியாகப் பாடுகிற எல்லோருக்கும் பயன்படும். முதல் வாரத்துக்கு ‘மயக்கமா கலக்கமா’வை எடுத்துக்கொள்ளலாம், அதன் பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து அனுப்ப நான் முயல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
காரைக்குடி.